வீட்டோடு கிளம்பிப்போன கஞ்சி

இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாகவே நாலு வருஷம் ஓடிவிட்டது. நான் ஒன்பதாவது வரைதான் படித்தவன். முப்பது வருஷம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டிய கை, பேனா பிடித்தால் எழுத்து கோணிக்கொண்டு போகும். ஆனால் தயங்கியதற்கு அது காரணமில்லை. உண்மையை எழுதினால் என் முட்டாள்தனத்தையும் சேர்த்து எழுத வேண்டுமே என்ற வெட்கம்தான்.

நான் சும்மா இருந்ததில் விஷயம் ஊர் வாயில் வளர்ந்துவிட்டது. போன திருவிழாவில் ஒருத்தர் என்னிடமே வந்து, "உங்க வூட்டு வண்டியில அண்டா தானா ரொம்பிச்சாமே?" என்று கேட்டு, கையெடுத்துக் கும்பிட்டார். இனிமேலும் வாயைத் திறக்காமல் இருந்தால் பாவம் என்று பட்டது. போதாததற்கு, எங்கள் மாதா கோயில் பங்கில் இரண்டு குடும்பம் இழுவை வண்டியை விட்டுவிட்டு வீட்டு வண்டிக்கு மாறப் போகிறார்கள். என்னென்ன சாமான் வாங்கணும் என்று தினம் கேட்கிறார்கள். அவர்களுக்கும் இதுவே பதில்.

இழுவை வண்டி என்றால், ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற தகர அறை. பேப்பரில் கேரவன் என்று போடுகிறார்கள். என் மனைவிக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆன பிறகு கீழே உட்கார்ந்து எழ முடியாது. கோயில் குளம் என்று போனால் கழிப்பறைக்குத் தவித்துப் போவாள். அவளுக்காகத்தான் அதைச் செய்தேன். உள்ளே உயரமான கழிப்பறை, ஒரு கட்டில், ஒரு அடுப்பு. மாதா புண்ணியத்தில் பூண்டி, வேளாங்கண்ணி எல்லாம் அதிலேயே போய் வந்தோம்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவள் ஒரு நேர்ச்சை வைத்திருந்தாள். ராயபுரத்திலிருந்து பழவேற்காடு மாதா திருவிழாவுக்கு எங்கள் ஜனம் வருஷா வருஷம் நடந்து போகும். அவளும் நடந்தவள்தான். "திரும்பவும் என் கால்ல நான் நின்னா, நடக்குறவங்க ஒருத்தர் விடாம, வருஷம் தவறாம, மத்தியானக் கஞ்சி என் கையால ஊத்துவேன்" என்று வேண்டிக்கொண்டாள். அதற்காக வீட்டில் சோறு வடிக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனி டப்பாவில் போட்டு வைப்பாள். ஒரு வருஷத்துப் பிடி அரிசிதான் அந்த ஒரு நாள் கஞ்சி. அறுபது பேருக்குச் சரியாக வரும். ஒருத்தர் விட்டுப்போனாலும் நேர்ச்சை தவறினது போல என்பது அவள் கணக்கு. அதில் யாரும் அவளிடம் பேச முடியாது.

இப்படி இருக்கையில் ஒரு கம்பெனியின் பழைய ஸ்டாஃப் வேன் விலைக்கு வந்தது. இழுவை வண்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்கினேன். வண்டியும் வீடும் ஒன்றாகவே இருக்கிற வீட்டு வண்டி. வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு பாய் தோஸ்து, வெல்டிங் பட்டறைக்காரர். உள்வேலை முழுக்க அவர் கைதான்.

"மாமு, அடுப்பாண்ட ஒரு இரும்பு வளையம் அடிச்சிகீறேன். அண்டாவ பெல்ட்டு போட்டு இதுல இறுக்கிக் கட்டிக்கோ."

"பாய், இது இன்னா கண்டெய்னரா? வூடு பாய், வூடு!"

"ஓடுதா இல்லியா? அப்ப லோடுதான். அப்புறம், ஒரு பழைய சைக்கிள் வாங்கியா. பின்னாடி மாட்டிக் குடுக்குறேன்."

"மோட்டார் வண்டி வெச்சிகினு சைக்கிள் எதுக்கு பாய்? பாக்குறவன் சிரிப்பான்."

"சரி மாமு, உன் இஷ்டம்" என்று அவர் வெல்டிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

நான் வாங்கினது என்னென்ன? நீளமான தண்ணீர்க் குழாய், ஊருக்கு ஊர் குழாய்வாய் மாறும் என்பதால் அதற்கு மூன்று விதமான மாட்டல். சக்கரத்துக்கு அடைக்கட்டை. பள்ளத்தில் நின்றால் வண்டியைச் சமமாக்க இரண்டு பலகை. அழுக்குத் தண்ணீருக்கு மூடி போட்ட வாளி. இவையெல்லாம் உருப்படியான சாமான்கள், இன்றைக்கும் சொல்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கூடவே ஜன்னலுக்குக் கொசுவம் வைத்த திரை, முன்னால் மாதா படத்தைச் சுற்றி சீரியல் பல்பு, ரிவர்ஸ் எடுத்தால் பாட்டுப் பாடுகிற ஹாரன். பெல்ட்டும் சைக்கிளும் வாங்கவில்லை.

அந்த வருஷம் நடைபயணம் விடியற்காலையில் புறப்பட்டது. நாங்கள் முன்னாலேயே போய், எண்ணூர் தாண்டி, காட்டுப்பள்ளிக்குப் பிரிகிற ரோட்டோரம் ஒரு வேலமரத்தடியில் நிறுத்தினோம். வண்டிக் கூரையிலிருந்து மரக்கிளைக்குத் தார்ப்பாய் கட்டியாச்சு. உள்ளே கஞ்சி கொதித்து முடிந்தது. அடுப்பை அணைத்து, சிலிண்டரை மூடி, அண்டாவுக்குத் தட்டு போட்டுவிட்டு, என் மனைவி கீழே இறங்கி நிழலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நடக்கிறவர்கள் குடிக்கத் தண்ணீர் போதாது போலிருந்தது. பிடித்து வருகிறேன் என்று எழுந்தேன்.

இழுவை வண்டி நாளில், தண்ணீருக்குப் போவதென்றால் பின்னால் போய் முட்டுக்காலை இறக்கி, கொக்கியைக் கழற்றி, ஜீப்பை மட்டும் எடுத்துக்கொண்டு போவேன். வீடு நின்ற இடத்திலேயே நிற்கும். லாரித் தொழிலிலும் அதே வேலைதான், பெட்டியை யார்டில் விட்டு முன்வண்டியோடு வருவது. அன்றைக்கும் கால் தானாகப் பின்னால் போனது. முட்டுக்கால் இல்லை. கொக்கி இல்லை. "பரவால்லியே, இந்த வண்டியில ரெண்டு வேலை மிச்சம்" என்று சந்தோஷப்பட்டேன். அடைக்கட்டையைக் கூட மறக்காமல் எடுத்து உள்ளே போட்டேன். அவ்வளவு பொறுப்பு. ஏறி உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. டிரைவர்கள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டிக் கத்தினார்கள். முன்னால் இருக்கிற மாதாவைப் பார்த்துத்தான் என்று நினைத்து நானும் கையை உயர்த்திக் கும்பிட்டுக்கொண்டே போனேன். கடைசியில் ஒருத்தர் நடுரோட்டில் வந்து குறுக்கே நின்றார். முகத்துவாரக்குப்பத்துக்காரர் என்று பிற்பாடு தெரிந்தது.

"அண்ணாத்தே! இன்னா, மரத்தையும் இஸ்துகினு போறியா?"

கண்ணாடியில் பார்த்தேன். தார்ப்பாயும், அதன் முனையில் வேலமரக் கிளையும் ரோட்டில் புரண்டு வந்துகொண்டிருந்தன. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நம்ம வூட்டாண்ட கட்டின தார்ப்பாய் இங்கே எப்படி வந்தது என்றுதான் யோசித்தேன். இறங்கிப் பக்கக் கதவைத் திறந்ததும் கஞ்சி படியில் வழிந்து என் செருப்பை நனைத்தது. அண்டா சாய்ந்து கிடந்தது. பாதி மிச்சம்.

டிரெய்லரோடு பெட்டியைப் பூட்டுகிற நாலு லாக்கும் விழுந்திருக்கிறதா என்று தட்டிப் பார்க்காமல் முப்பது வருஷத்தில் ஒரு பெட்டியை நான் நகர்த்தினதில்லை. என் பெண்டாட்டியின் ஒரு வருஷத்துப் பிடி அரிசியைக் கட்டாமல் நகர்த்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அங்கேயே அந்த டிரைவரிடம் நேர்ச்சையைச் சொன்னேன். "மெதுவா வூட்ட திருப்பு. நீ போ, நாங்க வர்றோம்" என்றார்.

திரும்பி வந்தேன். நிழல் போன மரத்தடியில், மொட்டை வெயிலில், ஒரு கையில் கத்தி, ஒரு கையில் வெங்காயத்தோடு என் மனைவி நின்றாள்.

"யோவ்! வூட்ட எங்கய்யா இட்டுகினு போன?"

"தண்ணிக்கு..."

"கொண்டாந்தியா?"

அதுவும் இல்லை. அவள் ஏறி அண்டாவைப் பார்த்தாள். வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். தூரத்தில் நடைபயணத்தின் பாட்டுச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

"அறுவது பேரு. தண்ணி ஊத்துனா கழனித் தண்ணியா பூடும். யாரு மூஞ்சிய பாத்து இல்லைன்னு சொல்றது?" என்றாள்.

அப்போதுதான் வரிசையில் நின்ற டிரைவர்கள் நடந்து வந்தார்கள். ஏழு பேர். அவரவர் கேபினில் பொங்கின மத்தியானச் சோறு, பாத்திரத்தோடு. ஒருத்தர் தோளில் தண்ணீர் கேன். ஒரு வடநாட்டு டிரைவர் குக்கரோடு மஞ்சள் போட்ட பருப்புச் சோறு கொண்டுவந்தார்.

என் மனைவி எழுந்து நின்றாள். "இது என் பிடி அரிசி இல்லியே, நைனா" என்றாள் மெதுவாக.

முகத்துவாரக்குப்பத்துக்காரர் சொன்னார்: "அக்கா, மூணு நாளா லைன்ல மாட்டிகினு கீறோம். வண்டிய வுட்டுட்டு மாதாவுக்கு நடக்க முடியுமா? இது எங்க பிடின்னு போட்டுக்கோ."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கரண்டியை எடுத்தாள். சோறெல்லாம் அண்டாவுக்குள் போனது. கேன் தண்ணீரை ஊற்றிக் கொதிக்கவிட்டு, மசித்து, உப்பும் வெங்காயமும் போட்டாள். தரையை நான் கழுவினேன். யாரும் சொல்லாமலே.

"இன்னாக்கா, இந்த வருஷம் மஞ்சா கலரா கீது?" என்று நடந்து வந்தவர்கள் கேட்டார்கள்.

"குடிச்சிட்டுப் பேசு" என்றாள். அறுபது பேருக்கும் அவள் கையால் ஊற்றினாள். அண்டாவில் மிச்சம் இருந்தது. டிரைவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர்களுக்கும் ஊற்றினாள். கடைசியில் வழித்ததைத் தான் குடித்தாள். எனக்கு?

"உன் பங்க ரோட்டுல ஊத்திட்டியே, மறந்துட்டியா?" என்றாள். அறுபது பேரும் சிரித்தார்கள். பிறகு தன் குவளையில் பாதியைக் கொடுத்தாள். அப்படி ஒரு ருசி.

இழுவை வண்டியை விட்டு மாறுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதலில் ஒரு சைக்கிள் வாங்குங்கள். இனி நீங்கள் எங்கே போனாலும் வீடும் கூடவே வந்துவிடும், கழற்றிவிட முடியாது. அடுத்து, லாரிக்காரர்கள் லோடு கட்டுகிற இழுப்பு பெல்ட். எங்கள் வண்டிச் சாவி இப்போது பாய் அடித்த வளையத்தில்தான் தொங்குகிறது. அண்டா கட்டியாச்சா என்று பார்க்காமல் சாவியை எடுக்க முடியாது. அப்படியும் நான் எடுத்தால் அவள் கேட்பாள்: "நான் உள்ள கீறனா, வெளிய கீறனான்னு பாத்தியா?"

மாதா எங்களைக் கைவிடவில்லை. அதைக் கண்ணால் பார்த்தவன் நான். ஆனால் அண்டா தானாக நிரம்பவில்லை. ஏழு கேபினிலிருந்து வந்தது. அந்த ஏழு பேர் அன்றைக்கு மத்தியானம் சோறில்லாமல் எங்கள் கஞ்சியைத்தான் குடித்தார்கள். அவர்களை விட்டுவிட்டுச் சொன்னால் மாதாவுக்கே அது பிடிக்காது.

அதனால் இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவருக்குச் சொல்லும்போது உள்ளபடியே சொல்லுங்கள். நான் அசடாக வண்டியை எடுத்தது இருக்கட்டும். மஞ்சள் நிறத்துக்கு வடநாட்டுக்காரரின் பருப்புதான் காரணம், அதுவும் இருக்கட்டும். ஏழு பேரை எட்டாக்க வேண்டாம், ஆறாகவும் குறைக்க வேண்டாம்.