ஒரே படத்தில் ஐந்து வாணம்

"வாணம் விடேக்கை மேலை பாராதை, முதல்..." என்று எங்கள் பெரியப்பா ஏதோ சொல்லுவார். முதலில் எதைப் பார்க்கச் சொன்னார் என்பது மறந்துபோயிற்று. வாணத்தைப் படம் எடுக்கிற தொழிலில் இதுதான் தொல்லை: எங்கே பார்ப்பது என்று விளங்குவதற்குள் எல்லாம் முடிந்து புகைதான் மிச்சம், விட்ட பிழையைத் திருத்த அடுத்த வருசத் திருவிழா வரவேணும்.

கொழும்பில் இருபத்தைந்து வருசம் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்துவிட்டு, எண்பத்து மூன்றுக் கலவரத்தோடு ஒரு கமராப் பையோடு கரவெட்டிக்குத் திரும்பினேன். வயது நாற்பத்தேழு. வேறு வேலை இல்லை. கலியாணம், பெரியபிள்ளையான பெண்களுக்குச் சாமத்தியவீடு என்று படம் எடுக்கத் தொடங்கினேன். அதோடு நின்றிருக்கலாம். எங்கள் கோயிலில் ஒவ்வொரு நாள் திருவிழாவையும் ஒவ்வொரு பகுதியார் நடத்துவார்கள்; எட்டாம் திருவிழா என் அக்காவின் புருசன், அத்தான் பகுதியினுடையது. ஒன்பதாம் திருவிழா மேற்குத் தெருக்காரருடையது. இரண்டு பகுதிக்கும் வாணத்தில்தான் போட்டி. "எங்கடை வாணத்தை ஒரு படம் எடுத்துத் தா" என்றார் அத்தான். ஓம் என்றேன். கமரா வைத்திருக்கிற அன்பர்களே, நீங்களும் இப்படி எத்தனை ஓம் சொல்லிக் கெட்டிருப்பீர்கள்!

பிடரிகள்

கலியாண வீட்டில் பிளாஷ் அடித்துப் பழகிய கை. முதல் வாணம் சீறிக்கொண்டு எழும்ப, வானத்துக்குப் பிளாஷ் அடித்தேன். வாணமோ தென்னைக்கு மேலே. என் பிளாஷ் வெளிச்சம் பத்துப் பதினைந்து அடியோடு சரி. அது தெரியாமல் பிலிம் சுருள் முடியுமட்டும் அடித்தேன். சனம் வாணத்தை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

சுருளைக் கழுவியவர் நெல்லியடி ஸ்ரூடியோக்காரர் மகேந்திரம். படங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, ஆக்களின்ரை பிடரி நல்லா விழுந்திருக்கு. ஆரின்ரை பிடரி எண்டு சொன்னியள் எண்டால் பெரிசாக்கித் தாறன்."

கச்சான் கடைக்குப் பக்கத்தில்

அடுத்த வருசம் கமராவோடு வந்த ஆங்கிலக் கையேட்டை வரி வரியாகப் படித்தேன். பிளாஷ் கூடாது, கமரா அசையக் கூடாது, ஷட்டர் நாலைந்து செக்கன் திறந்தபடி இருக்கவேணும். எல்லாம் சரி. திருவிழாச் சனம் முதுகில் இடிக்கும் என்பதைக் கையேடு எழுதியவர் அறியார். இடிபடாத ஒரேயொரு இடம் கச்சான் கடலை விற்கிற மனுசியின் கடையோரம். மூன்றுகாலியை அங்கே ஊன்றினேன்.

அவவின் பெற்றோமாக்ஸ் விளக்கு நேரே என் கமராவுக்குள் எரிந்தது. அஞ்சு நிமிசம் கொஞ்சம் குறையுங்கோவன் என்று கெஞ்சினேன். சுளகில் கச்சானைப் புடைத்தபடி, நிமிர்ந்தும் பாராமல் சொன்னா: "தம்பி, வாணம் இப்ப முடிஞ்சுபோம், நான் விடியுமட்டும் விக்கவேணும்; உம்மடை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்காலை போம்."

நாற்பது நாள்

அந்த முறை கலர்ச் சுருள். அதைக் கொழும்புக்கு அனுப்பித்தான் கழுவவேணும். கொழும்புக்குப் போன ஒருவர் கையில் கொடுத்துவிட்டேன். சண்டையால் பாதை பூட்டு, பஸ் இல்லை, போனவர் திரும்பவில்லை. அத்தான் ஒவ்வொரு நாளும் காலையில் என் படலையடியில் சைக்கிள் மணி அடிப்பார். நான் இல்லையென்று தலையாட்டுவேன். நாற்பது நாள் ஆட்டினேன்.

கடைசியில் வந்த படமெல்லாம் பெற்றோமாக்ஸ் வெளிச்சத்தில் முங்கிக் கிடந்தன. அத்தான் ஒன்றைத் தூரப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "உது வாணமோ, இல்லாட்டி அதுக்கு மஞ்சள் காமாலையோ?"

கறுப்பு அட்டை

மூன்றாம் வருசம் பழையபடி கறுப்பு வெள்ளைச் சுருளும், ஒரு கறுப்பு அட்டையும் கொண்டுபோனேன். ஷட்டரைத் திறந்தே விட்டு, கமராவுக்கு முன்னால் அட்டையைப் பிடிப்பது; வாணம் எழும்ப அட்டையை எடுப்பது; அது அணைய மூடுவது. இப்படியே ஐந்து வாணத்தை ஒரே படத்தில் சேர்த்தேன். ஐந்தும் ஒன்றாக எழும்பி, கோபுரத்துக்கு மேலே பூத்து நிற்கிற மாதிரி விழுந்திருந்தது. மகேந்திரம் அதைப் பெரிதாக்கி ஸ்ரூடியோ முகப்பில் தொங்கவிட்டார். அத்தான் தனக்கும் ஒன்று வாங்கிக்கொண்டு, ஊரெல்லாம் காட்டித் திரிந்தார்.

மேற்குத் தெருக்காரர் ஒருவர் முகப்பில் கனநேரம் நின்று பார்த்தாராம். பிறகு உள்ளே வந்து மகேந்திரத்திடம் சொன்னாராம்: "நானும் அங்கைதான் நிண்டனான். என்ரை கண்ணுக்கு மட்டும் ஒவ்வொண்டாய்ப் போச்சுது."

கந்தப்பு

அத்தான் பகுதிக்கு வாணம் கட்டி விடுகிறவர் கந்தப்பு. இடக்கையில் இரண்டு விரல் இல்லை, தொழில் எடுத்தவை. அடுத்த திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்க என் வீட்டுக்கு வந்தார். பேப்பரில் சுற்றி என் படத்தையும் கொண்டுவந்திருந்தார்.

"ஐயா, இந்த முறை இப்பிடியே அஞ்சையும் ஒண்டாய் விடட்டாம் உங்கடை அத்தான். ஒண்டைக் கொளுத்திப்போட்டு விலகி ஓடிவந்துதான் நான் மற்றதுக்குப் போறனான். அஞ்சுக்கும் நடுவிலை நிண்டால் எந்தப் பக்கத்தாலை ஓடுறது?"

ஏலாதென்று சொல்லலாமே என்றேன்.

"சொன்னனான். போனமுறை விட்டிருக்கிறாய், படம் கிடக்கு, இப்ப ஏன் ஏலாது எண்டு கேக்கிறார். நான் மாட்டனெண்டால் வேறை ஆளாம்."

அட்டையின் கதையைச் சொன்னேன். அவர் படத்தை விரித்து, விரலில்லாத கையால் ஒவ்வொரு வாணமாகத் தொட்டார். இது முதல் விட்டது, இது மூன்றாவது, இது ஈரம் பிடித்துச் சரிந்து போனது. எல்லாவற்றையும் தெரிந்து வைத்திருந்தார். பிறகு படத்தை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார்: "முப்பது வருசத்திலை இவ்வளவு வடிவான வாணம் நான் காணேல்லை, ஐயா. ஆனால் இதை நான் விடேல்லை."

அத்தான்

உடனே சைக்கிளை எடுத்துக்கொண்டு அத்தானிடம் போனேன். அட்டை, செக்கன் எல்லாவற்றையும் இரண்டு தரம் விளங்கப்படுத்தினேன். கந்தப்புவின் கையைப் பற்றியும் சொன்னேன். வெற்றிலையைச் சப்பிக்கொண்டு பொறுமையாகக் கேட்டார், விளங்காமல் இல்லை. கடைசியில் குரலைத் தாழ்த்தினார்: "உது உனக்கும் எனக்கும் தெரிஞ்சால் காணும். ஒன்பதாம் திருவிழாக்காரர் அறிஞ்சால் நான் எப்பிடி வீதியாலை போறது? நீ வாயை மூடிக்கொண்டிரு."

மூன்று வருசம் பாடுபட்டு நான் உருப்படியாக எடுத்த ஒரேயொரு படம், இனிப் பொய்யென்று நானே ஊருக்குச் சொல்லவேண்டிய படமாய்ப் போயிற்று. அந்த வெள்ளிக்கிழமை இரண்டு பகுதியும் கூடியிருந்த கோயில் கூட்டத்தில் எழும்பி, ஐந்து வாணமும் ஒவ்வொன்றாகத்தான் போயின என்று சொல்லி, அந்தப் படம் இனி ஒன்றும் அச்சாகாதபடி நெகட்டிவைக் கந்தப்புவின் கையில் கொடுத்தேன்.