பனியில் இரண்டு பன்றிகள்

கொட்டாஞ்சேனையில் வாங்கிய பழைய தபாலட்டைக் கட்டோடு வெள்ளவத்தைக்கு ஓட்டோவில் போகிறேன். மேலட்டையில் இரண்டு பன்றிகள் பனியில் சறுக்குவண்டி இழுக்கின்றன. ஏதோ ஐரோப்பியப் புத்தாண்டு வாழ்த்து. ஓட்டுநர் தொப்பி போட்ட முஸ்லிம் பெரியவர். கண்ணாடியில் அவர் பார்க்கும்போதெல்லாம் கையால் மூடுகிறேன். பார்த்தால் என்ன நினைப்பாரோ? காலிமுகத்திடலில் கடற்காற்று அந்த அட்டையையே பிடுங்கி அவர் காலடியில் போடுகிறது.

ஓரங்கட்டி, எடுத்துப் பார்க்கிறார். ஒட்டிய மண்ணைத் துணியால் துடைக்கிறார்.

"இந்தப் பனியில பண்டிக்கும் குளிரும்தானே," என்று நீட்டியவர், குரலைத் தாழ்த்துகிறார். "ஏறினதுலேந்து மறைக்கிறீங்க. போறது சைவ வீடா மிஸ்? ஏசுவாங்களா?"

"ஓம்," என்று தலையாட்டுகிறேன்.