குச்சுக்குள்ளிருந்து கேட்ட கிண்ண மேட்ச்

பச்சைத் தென்னங்கீற்று வாடத் தொடங்கும்போது ஒரு வாசனை வரும். பாதி இளநீர் மட்டை மாதிரியும் பாதி காயாத துணி மாதிரியும் இருக்கும், மூக்கில் ஏறிவிட்டால் சோற்றிலும் அதே வாசனைதான் அடிக்கும். அந்த வாசனைக்குள் நான் ஒன்பது நாள் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறோ தொண்ணூத்தொண்ணோ, பொங்கல் கழிந்த தை மாசம், எனக்குப் பதினாலு வயசு. நான் பெரியவளான சேதி போனதும் என் தாய்மாமா தயாளன் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து வந்து, முறைப்படி எங்கள் தோட்டத்து மூலையில் கீற்றைக் கட்டி, ஒருத்தி காலை நீட்டினால் சுவரில் இடிக்கிற அளவுக்கு ஒரு "குச்சு" போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வாசலுக்குக் குறுக்கே உலக்கையைக் கிடத்தினார்கள். தனித் தட்டு, தனி டம்ளர், காலையில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும், மத்தியானம் உளுந்தங்களி. "ஆம்பள மொகத்துல முழிக்கக் கூடாது, வெளிய எட்டிப் பாக்கக் கூடாது, ஆம்பளைங்ககிட்ட வாயைத் தொறக்கக் கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் தோட்டத்து வேலியைத் தாண்டினால் மணல் மைதானம். காலேஜ்களுக்குள் நடக்கிற புட்பால் பந்தயமெல்லாம் முடிந்த பிறகு, அந்த வருஷம் நன்றாக ஆடிய இரண்டு காலேஜை மட்டும் கூப்பிட்டு ஒரே ஒரு ஆட்டம் நடத்துவார், மாமல்லபுரத்தில் சிற்பக் கடை வைத்திருந்த ஒரு பெரியவர். பரிசு வெள்ளிக் கப் இல்லை. அவர் பட்டறையிலேயே செதுக்கிய கருங்கல் கிண்ணம், இரண்டு பேர் மூச்சுப் பிடித்தால்தான் தரையை விட்டு எழும்பும். அதனால் எங்களுக்கு அது "கிண்ண மேட்ச்". கம்பங்களுக்கு நடுவே கட்டுவதும் கடற்கரையிலிருந்து வாங்கி வந்த பழைய மீன்வலைதான். அந்த வருஷம் ஆட வந்தது ஒரு மெட்ராஸ் காலேஜும் செங்கல்பட்டுக் காலேஜும். செங்கல்பட்டுக்குக் கோல் கீப்பர் எங்கள் தயாளன் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி, எங்கள் சனத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள்.

அக்காள் மகளைத் தாய்மாமனுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம், எனக்குப் பால்பல் விழுவதற்கு முன்னாலேயே வீட்டில் அதைப் பேசி முடித்த மாதிரிதான் வைத்திருந்தார்கள். எனக்கோ அவர் என்னைத் தோளில் தூக்கிக் கடல் காட்டியவர், சளி பிடித்தால் மூக்குச் சிந்திவிட்டவர், அவரைப் புருஷன் என்று நினைத்துப் பார்த்தால் முதலில் சிரிப்பு வரும், அப்புறம் பயம் வந்து சிரிப்பை விழுங்கிவிடும். அஞ்சாவதோடு என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியிருந்தார்கள். ஆனால் செங்கல்பட்டில் ஒரு தையல் வகுப்பு இருந்தது, அஞ்சாவது போதும், அங்கேயே தங்கிப் படிக்கலாம், பங்குனியில் வந்து கூட்டிப்போகிறேன் என்று எங்கள் தெருவுக்கு வந்த தையல் டீச்சர் சொல்லியிருந்தார். கல்யாணம் பேசிவிட்டால் அந்த வகுப்பு எனக்கு இல்லை.

அஞ்சாம் நாள், அப்பாவின் அக்காள் கன்னியம்மா அத்தையும் அம்மாவும் குச்சுக்கு வெளியே முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினார்கள். கிண்ண மேட்ச் பார்க்க மெட்ராஸிலிருந்து ஒரு ஆபீஸ்காரர் வருகிறாராம், ஜெயிக்கிற டீமில் நல்ல ஆளாகப் பார்த்துத் தங்கள் ஆபீஸ் டீமுக்கு எடுத்து வேலையும் போட்டுக் கொடுப்பாராம்.

"வேலை கெடச்சுதுன்னு வையி அண்ணி, மெட்ராஸ்லயே ஒரு படிச்ச பொண்ண இட்டுகினு வந்து நிப்பான். அஞ்சாங்கிளாஸ் படிச்ச எம்பொண்ணயா பாக்கப்போறான்?" என்றாள் அம்மா.

"தோத்துட்டா?"

"தோத்தா இங்கதான சுத்திகினு கெடப்பான். சித்திரையிலயே பரிசம் போட்ர வேண்டியதுதான்."

அம்மா அதைக் கவலையாகத்தான் சொன்னாள். எனக்குக் கீற்றைப் பிரித்துவிட்ட மாதிரி இருந்தது. மாமா ஜெயித்தால் நான் தப்பித்தேன். அந்த நிமிஷத்திலிருந்து ஊரில் எத்தனை பேர் செங்கல்பட்டுக் காலேஜ் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தார்களோ, அத்தனை பேரையும் சேர்த்தாலும் என் வேண்டுதலுக்கு ஈடாகாது. எங்கள் எல்லையம்மனுக்கு நான் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று இன்றைக்கும் எனக்கு முழுக் கணக்குத் தெரியாது.

ஏழாம் நாள் சாயங்காலம் மேட்ச். விசில் சத்தம், கூட்டத்தின் சத்தம், பந்து உதைபடுகிற "தொப்" சத்தம் எல்லாம் கேட்டது, ஒன்றும் தெரியவில்லை. எனக்குக் காவலாக இருந்த அத்தை ஒரு அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி வேலிக்கு மேலே பார்த்து எனக்குச் சொன்னாள்.

"இன்னாடி உன் மாமன், எல்லாரும் ஓடறானுங்க, இவன் மட்டும் ரேஷன் கடை கியூவுல நிக்கிறவனாட்டம் சும்மா நின்னுகினு கீறான்?"

"பந்து வந்தா புடிக்கணும் அத்தை, அதான் அவரு வேலை."

"வந்தாத்தான? இதுக்குப் போயி காலேஜுல படிக்கணுமா!"

"எந்தப் பக்கம் நிக்கிறாரு அத்தை?"

"கடல் பக்கத்து வலையாண்ட."

நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கடல் பக்கத்து வலைக்குள் பந்து போகக் கூடாது, ரோட்டுப் பக்கத்து வலைக்குள் போக வேண்டும். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி எலுமிச்சை ஜூஸ் கொடுத்தார்கள், அத்தையும் இறங்கி வெற்றிலை போட்டுக்கொண்டாள். மறுபடி விசில் ஊதி ரொம்ப நேரம் கழித்துப் பெரிய இரைச்சல். அத்தை அண்டாவின் மேல் ஆடினாள்.

"பூந்துடுச்சுடி! கடல் பக்கத்து வலையில பூந்துடுச்சு!"

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. பாயைக் கடித்துக்கொண்டு அழுதேன். தையல் வகுப்பு போயிற்று, சித்திரை வந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் கடைசி விசிலும் ஊதிவிட்டார்கள். அத்தை இறங்கி வந்து எட்டிப் பார்த்து அம்மாவைக் கூப்பிட்டாள்: "இங்க வந்து பாரேன், மாமன் தோத்துட்டான்னு இது இன்னாமா அழுவுது!"

அப்போதுதான் மேளச் சத்தம் எங்கள் வீட்டை நோக்கி வந்தது. செங்கல்பட்டுப் பையன்கள் கிண்ணத்தைச் சுமந்துகொண்டு, மாமாவின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு வந்தார்கள். புட்பாலில் பாதி ஆட்டத்தில் பக்கம் மாறுவார்கள் என்பது எனக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. மங்கின வெளிச்சத்தில், கடல் பக்கத்து வலையில் இப்போது நிற்பது மெட்ராஸ்காரன் என்று அவளுக்கு அடையாளமும் தெரியவில்லை. மாமா தனியாகப் பயிற்சி செய்யும்போது பந்து பொறுக்கிப் போட்டிருக்கிறேனே தவிர, முழு ஆட்டம் நான் பார்த்ததே இல்லை. ஜெயித்துவிட்டார் என்று புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அழுத கண்ணோடு சிரித்தேன். அம்மாவும் அத்தையும் அதையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஆபீஸ்காரர் மாமாவின் பெயரை எழுதிக்கொண்டு போய்விட்டார் என்று மேளத்தின் நடுவிலேயே சேதி வந்தது. கிண்ணத்தை எங்கள் வாசலில் இறக்கி வைத்தார்கள். "இதுல ஒரு மரக்கா மாவு ஆட்டலாம்" என்று யாரோ சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அத்தை சத்தம் போட்டுச் சொன்னாள்: "தோத்தான்னு நெனச்சு அழுவுது, ஜெயிச்சான்னதும் சிரிக்குது, இவ்ளோ ஆசைய மனசுல வெச்சிகினு கீது. வேலைக்காரன் ஆவப்போறவன வெளியில வுட்ருவமா? இப்பவே தட்ட மாத்துங்க." அம்மாவுக்கும் அதற்குமேல் கவலை இல்லை.

மாமா குச்சுக்கு வந்தார். முகம் பார்க்கக் கூடாது என்பதால் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். "மல்லிகா, அழுதியாமே? நானா தோப்பேன்?" என்றார். அவர் குரல் என்னவோ மாதிரி இருந்தது. அதுவரை அவரும் என்னைச் சின்னப் பிள்ளையாகத்தான் நினைத்திருந்தார் போலிருக்கிறது. அது இல்லை மாமா, நான் அழுதது அதற்கில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், நானும் யாரிடமும் நிமிர்ந்து பேசத் தெரியாதவள். அவர் திரும்பிப் பார்க்காமலே மேளத்துப் பக்கம் போனார். ஒன்பதாம் நாள் எனக்குத் தண்ணீர் ஊற்றி, அந்தக் குச்சைக் கொளுத்தினார்கள்.

பங்குனியில் தையல் டீச்சர் வந்தார். அம்மா மோர் கொடுத்துப் பேசி அனுப்பிவிட்டாள். எனக்குப் பதினெட்டு முடிந்த ஆவணியில் மாமாவோடு கல்யாணம்.

இப்போது என் பேத்திக்கு அஞ்சு வயசு, என்னை ஆயா என்று கூப்பிடுகிறாள். அந்த மைதானம் ஒரு ரிசார்ட்டின் மதிலுக்குள் போய்விட்டது. சிற்பக் கடைக்காரர் இறந்த பிறகு கிண்ண மேட்சை எடுத்து நடத்த ஆளில்லை. குச்சும் இப்போது யார் போடுகிறார்கள், மண்டபம் பிடித்து வீடியோ எடுக்கிறார்கள். என் வீட்டுக்காரர் நல்ல மனுஷர். குடித்தவரில்லை, கை ஓங்கியவரில்லை. கேட்டால் தையல் மிஷின்கூட வாங்கித் தந்திருப்பார். நான் கேட்கவில்லை.

போன பொங்கலுக்கு டிவியில் ஏதோ வெளிநாட்டுப் புட்பால் ஓடிக்கொண்டிருந்தது. வலிக்கிற முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே, எத்தனையோ தடவை சொன்ன கதையைப் பேத்திக்குச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி, "நெசமா சொல்லு, அன்னிக்கு நான் தோத்திருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்று கேட்டார்.

"தோத்திருந்தாலும் உங்களத்தான் கட்டியிருப்பேன்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.