சூடு ஏறினால் சுருதியும் ஏறும் சிந்தசைசர்

மூடியைத் திறந்ததுமே பாச்சை உருண்டை வாசனையும் எலி நாற்றமும் சேர்ந்து மூக்கில் ஏறின...

தி.நகரில் மூடிக்கிடந்த ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோ. ஓனர் தூசியைத் தட்டிவிட்டு, "உசுரு இருக்கு தம்பி. சத்தம்தான் வராது" என்றார். அதை நம்பி நானும் சேவியரும் அங்கே கிடந்த, கீபோர்டுக்குத் தாத்தா மாதிரியான ஒரு பழைய அனலாக் சிந்தசைசரை வாங்கிவிட்டோம்.

சேவியர் என் ஆபீஸ் நண்பன். பட்டினப்பாக்கத்துக்காரன், சர்ச் கொயரில் பாடுகிறவன். தன் தங்கையின் கல்யாண ரிசப்ஷனில் நான் வாசிக்க அவன் பாடுவதாகச் சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான்.

ஆட்டோக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "இன்னா சார், இஸ்திரி டேபிளா?"

மயிலாப்பூரில் என் வாடகை வீட்டு ஹாலில் பிரித்துப் போட்டோம். உள்ளே எலி கூடு கட்டியிருந்தது. அதுவும் எங்கே கிடைத்ததோ, பட்டுத் துணியில்! கட்டைகளைக் கழற்றித் துடைத்து, உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றி, அறுந்த ஒயர்களைப் பற்றவைத்து... ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதிலேயே போயின. விரலெல்லாம் சூட்டுக்காயம். சமையல் கற்றுக்கொள்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் "பூ...ம்" என்று சத்தம் வந்தது. வந்தது நிற்கவே இல்லை.

மாடியிலிருந்து வீட்டுக்கார மாமி இறங்கி வந்தார். பாட்டு டீச்சர்.

"ஏண்டா, கொசு மருந்து அடிக்கறவன் ஆத்துக்குள்ளயே வந்துட்டானா?"

சேவியர் கண் கலங்கி நின்றான். "மாமி... பாடுது மாமி!"

மாமி காதைச் சாய்த்துக் கேட்டார். "பாடறது சரி. ஸ்ருதி ஏறிண்டே போறதே?"

உண்மைதான். மிஷின் சூடாகச் சூடாக சுருதியும் மேலே போனது. அதை மட்டும் எங்களால் சரிசெய்ய முடியவில்லை. "நாலு பாட்டுதானே, சமாளிச்சிக்கலாம் மச்சி" என்றான் சேவியர்.

ரிசப்ஷன் மே மாதம். ஹாலில் ஏசி இல்லை...

முதல் பாட்டு நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் சிந்தசைசர் மெல்ல ஏற ஆரம்பித்தது. சேவியரும் விடாமல் கூடவே ஏறினான். சரணத்தில் கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த பல்லவியில் குரல் கீச்சிட்டது.

"மச்சி, எறக்குடா!"

"நான் எங்கடா ஏத்தினேன்? அதுவா ஏறுது!"

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாமி எழுந்தார். நேராக மேடைக்கு வந்து, மணமக்களுக்கு வீசிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை சிந்தசைசர் பக்கம் திருப்பி வைத்தார்.

கொஞ்ச நேரத்தில் சுருதி இறங்கியது. மாப்பிள்ளையின் மேக்கப்பும் இறங்கியது.

"அண்ணே, பாட்டு போதும், ஃபேனைக் குடுண்ணே!" என்று தங்கை கத்த, ஹாலே சிரித்தது. அத்தனை கைதட்டல் எங்களுக்கு அப்புறம் எங்கேயும் கிடைக்கவில்லை.

இப்போது அந்த சிந்தசைசர் என் வேளச்சேரி அபார்ட்மெண்ட்டில், ஏசி ரூமில் இருக்கிறது. சுருதி அசைவதில்லை. சேவியர் மஸ்கட்டில். போன வாரம் வீடியோ காலில், "ஒரு பாட்டு வாசிடா" என்றான். வாசித்தேன், பாடினான். நெட் இழுத்ததில் நான் பல்லவியை முடித்தபோது அவன் பாதியில் இருந்தான். இருந்தாலும் நிறுத்தாமல் முடித்தோம்.

முடித்த கையோடு, பழக்கதோஷத்தில், "வா மச்சி, டீ அடிச்சிட்டு வரலாம்" என்றான்.

நானும் சுவிட்சை அணைத்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தேன்...