கன்னி மூலைக் கோபுரம்

ரயில் கொரட்டூரைத் தாண்டியதும் அப்பா எழுந்து நின்றுவிடுவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த காலம் முழுக்க இதே வழக்கம்தான். ஏறியதும் அடித்துப்பிடித்து சீட் பிடிப்பார். பட்டரவாக்கம் வருவதற்குள் அதிலிருந்து எழுவார். ஜன்னல் வழியே எங்கள் வீட்டுக் கோபுரம் தெரியும். பார்த்துவிட்டு மறுபடி உட்காருவார். கூடப் போனால் எனக்கு மானம் போகும்.

ஆமாம், கோபுரம். எங்கள் வீடு ஒரு கோட்டை. கல்யாணத்துக்கு முன்பு அப்பா பட்டறை ஆட்களோடு ஏற்காட்டுக்கு டூர் போயிருக்கிறார். ஏரிக்குப் போகும் வழியில் கல்லால் கட்டிய கோட்டை வீடு ஒன்று, வாசலை ஒட்டி வட்டக் கோபுரம். வாட்ச்மேன் கேட்டுக்குள் விடவில்லை. வெளியே நின்று பார்த்ததையே மனதில் வைத்துக்கொண்டு, பட்டறை நன்றாக ஓடிய காலத்தில் கொரட்டூரில் மனை வாங்கி, அதே மாதிரி கட்ட ஆரம்பித்தார்.

மேஸ்திரி குறுக்கே நின்றார். எங்கள் வாசல் கிழக்கு. வாசலை ஒட்டிக் கோபுரம் எழுப்பினால் ஈசானிய மூலை உயர்ந்துவிடும், குடும்பத்துக்கு ஆகாது என்றார். உயரமாக எதுவானாலும் தென்மேற்கில், கன்னி மூலையில்தான். தண்ணீர்த் தொட்டியையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாம் என்றார். நாங்கள் கத்தோலிக்கர்கள். ஞாயிறு பூசை தவறாது. ஆனால் மூலை விஷயத்தில் மேஸ்திரி சொன்னதுதான் வேதவாக்கு. ஆக, தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண மாடிவீடு; கோட்டை முழுக்கப் பின்பக்கம், ரயிலில் போகிறவர்களுக்காக. வீடு மந்திரிக்க வந்த பாதர் கோபுரத்தைத் தேடிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனதைச் சொல்லிச் சொல்லி, அம்மா இருந்தவரை சிரித்தாள்.

அந்தத் தொட்டிதான் என் நிம்மதியைக் கெடுத்தது. எழுபதைத் தாண்டியும் அப்பா தினமும் சுழல் படியேறி, தண்ணீர் நிரம்பிவிட்டதா என்று எட்டிப் பார்ப்பார். போன மழையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு தப்பியது. அதன்பிறகு ஆபீசில் எனக்கு வேலை ஓடவில்லை. ஏறியிருப்பாரோ, விழுந்திருப்பாரோ என்று போன் போட்டுக்கொண்டே இருந்தேன். வீட்டை இடித்து லிஃப்டோடு ஃப்ளாட் கட்டித்தர ஒரு பில்டர் தயாராக இருந்தார். அப்பா கையெழுத்துப் போட்டால் போதும். ஈஸ்டர் போகட்டும் என்றார். மாதா கோயில் கொடியேற்றம் போகட்டும் என்றார். பொறுக்க முடியாமல் ஒருநாள் கத்திவிட்டேன்.

"அந்த ஏற்காட்டு ஊட்டுக்குள்ள ஒரு தபா இட்டுகினு போ. பாத்துட்டு வந்து போட்டுடறேன்" என்றார்.

அந்தச் சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம். அது இப்போது லாட்ஜ். ரூம் காட்டிய பெண்தான் அதன் கதையைச் சொன்னாள். காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை தன் ஊர் ஞாபகத்தில் கட்டியதாம்; கட்டி முடித்த சூட்டோடு விற்றுவிட்டுக் கப்பல் ஏறிவிட்டாராம். பிறகு கொஞ்ச காலம் பள்ளிக்கூடம், கொஞ்ச காலம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்ததாம். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. சீக்கிரம் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும் என்றிருந்தது. அப்பா கேட்டதும் அவள் கோபுரக் கதவைத் திறந்தாள்.

"உள்ள ஒண்ணுமில்லீங்கய்யா. ரோட்டுல போறவங்க பாக்கட்டும்னு கட்டி உட்டிருக்காங்க."

படி இல்லை, தளம் இல்லை. மேலே வட்டமாக வானம், கீழே புறா எச்சம். அப்பா அண்ணாந்தபடியே நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கடைசியில் சிரித்தார்.

"நம்மளுதுல தண்ணியாவது கீது."

திரும்பி வரும்போது ரயில் அம்பத்தூரைத் தாண்டியது, பட்டரவாக்கத்தைத் தாண்டியது. அப்பா எழவில்லை. கண்ணை மூடியிருந்தார், ஆனால் தூங்கவில்லை.

"நைனா, வீடு" என்றேன்.

"நீ பாரும்மா" என்றார். அந்த எக்ஸ்பிரஸ் கொரட்டூரில் நிற்காது. பெரம்பூரில் இறங்கும்போது, "அந்த பில்டர வரச் சொல்லு" என்றார்.

பில்டர் வந்தார். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தொட்டி கன்னி மூலைலதான வரும்?"

"எல்லா பில்டிங்லயும் அங்கதான் சார்."

தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் கேட்டது கிடைத்துவிட்டது. சமையலறைக்குப் போய் அழுதேன்.

அடுத்த மாதம் இடிக்க ஆள் வருகிறார்கள். அப்பா இப்போது படியேறுவதில்லை. தொட்டியை நான்தான் பார்க்கிறேன். காலையில் ஆபீசுக்குப் போகும்போது சீட் கிடைத்தாலும் உட்கார முடிவதில்லை. நேற்று நான் சட்டென்று எழுந்ததும், பக்கத்திலிருந்த பூக்கார அம்மா கூடையை நகர்த்தி வழிவிட்டார்.

"பட்டரவாக்கமா? இன்னும் வரல, குந்துமா."

"இல்லக்கா, எங்க ஊடு வருது" என்றேன்.