மலைப்பக்கத் தண்டவாளம்

மேல்லைனை இடிக்கக் கூடாது என்று ஊரே மனு எழுதியபோது, இடித்துத் தொலைக்கட்டும் என்று நினைத்தவன் நான் ஒருவன்தான்.

திருத்தணி ஸ்டேஷன் யார்டின் ஓரத்தில், மூன்று ஆள் உயர இரும்புக் கால்களின்மேல் ஓடி, அந்தரத்தில் முடிந்துபோகும் பழைய தண்டவாளம் அது. ஜல்லி வேகன்களை மேலே தள்ளி, கீழே நிற்கும் லாரிகளில் கொட்டுவார்கள். அந்த வேலை நின்று வெகுகாலமாகிறது. இப்போது யார்டையே புரட்டிப்போட்டுப் புதிதாகக் கட்டுகிறார்கள். ஆட்டோக்காரர்கள், பூக்காரர்கள், காவடிக் கூட்டத்துக்கு மோர் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் மேல்லைனை மட்டும் விட்டுவையுங்கள் என்றார்கள். மனுவில் முதல் கையெழுத்து என் தங்கையுடையது. ஸ்டேஷன் வாசலில் பூ விற்கிறாள்.

"நீயும் போடுணா. அவரு கடைசியா நின்ன எடம்," என்றாள்.

பேனா எழுதவில்லை என்று சொல்லித் தப்பித்தேன். நல்ல பேனாதான்.

நான் கீமேனாக இருந்தவன். காலையில் சுத்தியலும் கொடியுமாகக் கிளம்பி, தண்டவாளத்தையும் அதைத் தாங்கும் கட்டைகளையும் தட்டிக்கொண்டே நடப்பதுதான் உத்தியோகம். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். இறுகியிருந்தால் 'டங்' என்னும். தளர்ந்திருந்தால் 'தொப்' என்னும். மேல்லைனில் ஜல்லி நடுவே கொட்ட வழிவிட்டு, இரு பக்கமும் தனித்தனிக் கட்டைகள். அங்கே மட்டும் ஊர்ப்பக்கத்தைத் தட்டிக்கொண்டே முனைவரை போவேன். முனையில் ஓர் இரும்பு ஏணி. இறங்கினால் நேரே டீக்கடை. மலைப்பக்கத்தை எவன் தட்டுவான்? இரண்டும் ஒரே நாளில் போட்டதுதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் நான் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, என் தங்கை கணவர் மேலே போனார். பாவா என்றுதான் அழைப்பேன். அதே யார்டில் லைனைப் பழுதுபார்க்கும் கேங்மேன். சிந்திய ஜல்லியை வாரித்தள்ளப் போனவரின் காலடியில், மலைப்பக்கத்தில் ஒரு கட்டை உருண்டது; அத்தனை உயரத்திலிருந்து கீழே விழுந்தார். ஆஸ்பத்திரி வரை உயிர் தாங்கவில்லை.

விசாரணையில் என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். "குடிப்பாரா?"

"எப்பவாவது," என்றேன்.

அது பொய்யில்லை. ஆனால் அன்று கிருத்திகை. பாவா விரதம். அதை நான் சொல்லவில்லை. தங்கை சொன்னாள், பெண்டாட்டி வேறு எப்படிச் சொல்வாள் என்றார்கள். குடித்துவிட்டு ஏறினான், விழுந்தான் என்று ஊர் கதையை முடித்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் நான்.

அன்றிலிருந்து அந்தத் 'தொப்' என்னை விடவில்லை. தங்கை பூக்கூடையை இறக்கினால் தொப். மலையில் யாரோ சூறைத்தேங்காய் உடைத்தால் தொப். ஓய்வு பெற்ற பிறகும் யார்டுச் சுவரோரம் நடந்தால், மேலே மலைப்பக்கமாக யாரோ தட்டிக்கொண்டே வருவது கேட்கும். நிமிர்ந்து பார்த்தால் காக்கைகூட இருக்காது. எனக்குப் பயமாக இருந்தது. யாரிடம் சொல்ல முடியும்?

மனு பலித்தது. மேல்லைனை மக்கள் நடந்துபோகும் பாதையாக வைத்துக்கொள்ள முடிவானது. சின்ன வயதுப் பொறியாளர் அம்மா ஒருவர் வீடு தேடி வந்தார்.

"ஐயா, மேல ஒவ்வொரு கட்டையும் தட்டினவர் நீங்கதானாம். எது தேறும், எது தேறாதுன்னு சாக்பீஸால குறி போட்டுக் குடுக்கணும்."

இடுப்பில் கயிறு கட்டி ஏற்றிவிட்டார்கள். கால் பழக்கத்தில் ஊர்ப்பக்கமாகவே போனது. முனையில் ஏணி இல்லை; அறுத்து எடுத்திருந்தார்கள். திரும்பி வர மலைப்பக்கம்தான் மிச்சம்.

தட்டிக்கொண்டு வந்தேன். தொப். தொப். தொப். பாவா விழுந்த இடத்தில் மாற்றிப்போட்ட கட்டை மட்டும் 'டங்' என்றது. அதில் குறி போட அழுத்தியபோது, சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது. கீழே தங்கை கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறங்கியதும் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஏணி, டீ, ஒருநாளும் தட்டாத மலைப்பக்கம், விசாரணையில் விழுங்கிய விரதம். வயதுக்கு ஒவ்வாமல் அழுதேன். அவள் அழவில்லை.

"எனக்கு எதுக்குணா சொல்ற? வெறும் வயித்தோட போன மனுசன் குடிக்கலன்னு எனக்குத் தெரியாதா? எம் புள்ளதான் அப்பன் குடிகாரன்னு சொல்லிக்கினு, இன்னிவரைக்கும் அவரு போட்டோவ செவுத்துல மாட்ட வுடமாட்றான். அவன்கிட்டப் போய்ச் சொல்லு."

"சொல்றேம்மா."

"எப்போ?"

அவன் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுகிறான். ஒரு நல்ல நாள் பார்த்துப் போகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது.

"பொதட்டூர்பேட்டை பஸ்ஸு தோ நின்னுகினு கீது," என்றாள். "ஏறு."

சாக்பீஸ் தூள் ஒட்டிய கையோடு ஏறினேன். இந்தத் தடவை நடுவில் இறங்கவில்லை.