ஒன்பதாவது வெள்ளியும் ஒரு தட்டு ராட் நாவும்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் தாய்லாந்துச் சாப்பாடு. சமைத்தது நான்!

சிரிக்க வேண்டாம். எனக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகிறது. 'இந்த வருஷம் லண்டனில் வேலை போகாதவன் யார்?' என்று நீங்கள் ஆறுதல் சொல்லலாம். 'பத்தி எழுதுவதும் ஒரு வேலைதானே?' என்றும் கேட்கலாம். நானும் அப்படித்தான் வீட்டில் சொல்லிப் பார்த்தேன். மனைவி சாந்தி யூனிபோர்மை மாட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

சாந்தியைச் சமாளித்துவிடலாம். ஆனால் அவளுடைய அக்கா இருக்கிறாரே, செவன் கிங்ஸ் பக்கம் குடியிருக்கும் மச்சாள்... போன கிழமை போனில் கேட்கிறார்: "அவர் முழுநாளும் வீட்டில இருந்து என்னடி செய்யிறார்?"

போன் ஸ்பீக்கரில் கிடந்தது. நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் தண்ணீர் — வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போட்டு உங்கட வீட்ட வாறன். எனக்கு விரதம், ஒரு நேரச் சாப்பாடுதான்" என்றார் மச்சாள்.

"நான் சமைக்கிறன் மச்சாள்!" என்று கத்தினேன்.

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தால் மச்சாள் ஆயிரம் குறை சொல்வார். அதில் அவர் கைகாரி. ஆனால் வாழ்நாளில் சாப்பிடாத ஒன்றைக் கொடுத்தால்? உப்புக் கூடவா குறையவா என்று சொல்லக்கூட ஏலாது. என்ன மூளை பாருங்கள்!

என்னோடு வேலை செய்து, என்னோடேயே வேலை இழந்த தாய்லாந்துப் பெண் ஒருத்தி இருக்கிறாள். 'ராட் நா' செய்யச் சொன்னாள். பட்டையான அரிசி நூடுல்ஸ், அதற்கு மேல் கொழகொழவென்று குழம்பு. அவ்வளவுதான். கடைக்கும் கூட்டிப்போய், நூடுல்ஸ் இரண்டு பக்கெட், போத்தல் மூன்று எடுத்துத் தந்தாள். "இறைச்சி இல்லாமல் செய்யலாமா?" என்று கேட்டேன். "தாராளமாக! டோஃபு போடு" என்றாள்.

வெள்ளி காலை பக்கெட்டைப் பிரித்தேன். குளிரில் விறைத்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தது நூடுல்ஸ். அரிசிமாச் சாமானைக் கண்டால் யாழ்ப்பாணத்தான் என்ன செய்வான்? அவிப்பான். இடியப்பத் தட்டில் பரப்பி, பானையை மூடி, பத்து நிமிஷம் அவித்தேன். திறந்தால்... களி. கரண்டியால் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது பக்கெட்டை, அந்தத் தாய்லாந்துப் பெண் முதலே சொல்லித் தந்தபடி கையால் மெதுவாகப் பிரித்து, கறுத்த சோயா சோஸ் விட்டு, தாச்சியில் பெரிய நெருப்பில் பிரட்டினேன். ஸ்மோக் அலாம் வீரிட்டு அழுதது. ஆனால் நூடுல்ஸ் ஓரம் கருகி, நல்ல வாசம். பிறகு உள்ளி, காளான், புரொக்கோலி, டோஃபு, மற்ற இரண்டு போத்தலிலிருந்தும் ஊற்றி, கோர்ன் மாவைக் கரைத்துவிட்டதும் குழம்பு தடித்து மினுங்கியது. எனக்கே என் மேல் மரியாதை வந்தது.

இரண்டு மணிக்கு சாந்தி ஷிப்ட் முடிந்து வந்தாள். பின்னாலேயே மச்சாள், நெற்றி நிறையத் திருநீறோடு.

"மரக்கறிதானே தம்பி?"

"சுத்த மரக்கறி மச்சாள்."

முதல் வாய் வைத்தார். இரண்டாவது வாய். பிறகு தட்டை நீட்டினார்: "இன்னும் கொஞ்சம் போடும்."

சாந்தி என்னைப் பார்த்தாள். ஐந்து மாதத்தில் அப்படி ஒரு பார்வையை நான் கண்டதில்லை. ஆகாயத்தில் பறந்தபடியே குசினிக்குப் போய்ப் போத்தல்களைத் துடைத்து அடுக்கினேன். ஒரு போத்தலின் பின்னால் சின்ன எழுத்தில் ஒரு ஸ்டிக்கர். நெத்தலி, உப்பு, சீனி. அவ்வளவுதான் அதற்குள் இருந்தது!

இறைச்சியைப் பற்றிக் கேட்ட நான் மீனைப் பற்றிக் கேட்கவேயில்லை. அவளும் சொல்லவில்லை.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. விரதம், நேர்த்தி எல்லாவற்றையும் இதே பக்கத்தில் எத்தனை தரம் நக்கலடித்திருக்கிறேன்! யாருக்குத் தெரியப்போகிறது? போத்தலை அலுமாரியின் பின்பக்கம் தள்ளிவிட்டு வந்தேன்.

மச்சாள் கைகழுவிவிட்டு, கைப்பையிலிருந்து ஒரு சின்னக் கடதாசிச் சரை எடுத்தார். "திருநீறு. பூசும். இண்டைக்கு ஒன்பதாவது வெள்ளி. முடிஞ்சுது."

"என்ன நேர்த்தி மச்சாள்?"

"உமக்கு வேலை கிடைக்கவேணும் எண்டு. வேறென்ன?"

ஒன்பது கிழமை! மத்தியானம் தாண்டும்வரை பச்சைத்தண்ணி குடிக்காமல், பஸ் பிடித்துக் கோயிலுக்குப் போய்... எனக்காக. அந்த மனுஷியைத்தான் வாயடைக்கப் பண்ண நான் நூடுல்ஸ் பிரட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஏலவில்லை. போத்தலை எடுத்துவந்து மேசையில் வைத்தேன்.

"மச்சாள், பெரிய பிழை விட்டிட்டன். இதில நெத்தலி இருக்கு."

"ஐயோ, என்னப்பா நீங்கள்!" என்று தலையில் கைவைத்தாள் சாந்தி.

மச்சாள் கண்ணாடியைப் போட்டு ஸ்டிக்கரை முழுக்க வாசித்தார். முகம் சுருங்கிவிட்டது.

"அதுதானே பாத்தன்... மரக்கறிக்கு எங்கால இந்த ருசி எண்டு."

பிறகு பெருமூச்சு விட்டு எழுந்தார். "சரி. வாற வெள்ளி திரும்ப ஒண்டிலயிருந்து பிடிக்கிறன்."

"வேண்டாம் மச்சாள்! இன்னும் ஒன்பது கிழமையா?"

"அது என்ர பாடு. நீர் குசினிக்குள்ள நிக்காமல் வேலைக்கு எழுதிப் போடும்."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார். திங்கட்கிழமையே ஆறு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன்.

வருகிற வெள்ளி நானும் விரதம். மச்சாளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.